சோலைமாத்தாள்

அந்தப் பெயரை அவள் மெல்ல வாய்விட்டுப் படித்தாள்.

திரையில் ஒரு பெண். மேல்துணி இல்லை. பக்கத்தில் அளவுகோல். முகாமில் அடைத்த மலைமக்களை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் நிற்கவைத்து எடுத்த படம்.

கீழே ஆங்கில எழுத்தில் பெயர். அதைத் தமிழில் எழுதி, படத்தோடு இணையத்தில் ஏற்ற வேண்டும். அருங்காட்சியகத்தின் பட்டியல் இன்று மாலை உலகத்துக்குத் திறக்கிறது.

பழைய அச்சுப் பட்டியலில் 'சோலைமாத்தாள்' என்று இருந்தது.

தேடுபெட்டியில் அந்தப் பெயரை இட்டாள்.

இன்னொரு பெண் வந்தாள். பிறகு ஒரு கிழவி. ஒரு கர்ப்பிணி. ஒரு சிறுமி.

எல்லோருக்கும் அதே பெயர்.

'இக்குடியில் பரவலாக வழங்கும் பெயர்' என்றது அடிக்குறிப்பு. சோலையில் உறையும் ஒரு தெய்வத்தைப் பற்றி அரைப்பக்க விளக்கம் வேறு.

ஒருத்தியும் கேமராவைப் பார்க்கவில்லை.

'Solamaten' என்ற ஆங்கில எழுத்துகளை மறுபடி கூட்டிப் படித்தாள். இந்த முறை, 'உன் பெயர் என்ன?' என்று அதட்டியவனுக்குப் பதில் சொல்வதுபோல.

சொல்ல மாட்டேன்.

மார்பில் சிலுவை வரைந்துகொண்டாள்.

பெயருக்கான கட்டத்தில் 'சொல்ல மறுத்தார்' என்று அடித்தாள். படத்தைப் பொதுப்பார்வையிலிருந்து நீக்கினாள். அடுத்ததையும்.

"என்ன ஜெசிந்தா, படமெல்லாம் ஒண்ணொண்ணா காணாமப் போகுது?"

காப்பாட்சியர் பின்னால் நின்றிருந்தார்.

அவள் விரலால் அந்த எழுத்துகளைக் காட்டிப் படித்தாள். அவரும் உதடு அசையப் படித்துப் பார்த்தார்.

"அடக் கடவுளே... சாமி கதையெல்லாம் எழுதி வெச்சிருக்காங்களே!"

பிறகு தொண்டையைச் செருமினார். "சரிம்மா, பேரைத் திருத்து. படத்தை ஏன் எடுக்குறே? படமில்லாத பட்டியலை யாரு பார்ப்பா?"

"பேரையே தராதவங்க சார். உடம்பையா தருவாங்க?"

"மேலிடத்துல கேட்பாங்க. உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. புதுப்பிக்க நான்தான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்கா?"

"போடாதீங்க சார்."

குரல் உயரவில்லை. கிழவியின் படமும் மறைந்தது. கர்ப்பிணியின் படமும்.

அவர்கள் பெயர் ஆண்டவருக்குத் தெரியும். அது போதும் என்று அவளுக்குப் பட்டது.

கடைசியாகச் சிறுமியின் படம் விரிந்தது.

காப்பாட்சியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.