உள்ளறைக்கு எட்டாத சிக்னல்

"முகமே தெரியலப்பா, கட்டங்கட்டமா வருது!" என்று உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தாள் கயல்.

துபாய் மாப்பிள்ளை அங்கிருந்தே லேப்டாப்பில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், அங்கன தனியாத்தான் ரூம் எடுத்துத் தங்கியிருக்கான்" என்றபடி அவருடைய பெற்றோர் கூடத்தில் பஜ்ஜியைப் பிட்டார்கள்.

கயலின் அப்பா அழகுமலைக்குப் பதறியது. கம்பம் ஊர் முழுக்கச் சலித்து எடுத்த சம்பந்தம், சிக்னல் இல்லாமல் கைநழுவிப் போவதா? டிவிக்குப் பின்னால் கிடந்த வைஃபை மோடத்தை வயரோடு இழுத்துவந்து உள்ளறை வாசலில் உயரமாகத் தூக்கிப் பிடித்தார்.

"இப்ப எப்படி ஆத்தா?"

"பளிச்சுனு தெரியுதுப்பா."

சற்று நேரத்தில் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே வந்தாள் கயல்.

"சம்மதம்னு சொல்லிரவா?"

"வேணாம்ப்பா. அவுகளுக்குப் பின்னால ஒரு தொட்டில் ஆடிக்கிட்டிருக்கு."