வாயாடி

திருக்கோவிலூரில் ராதிகா நடத்தும் குழந்தைகள் மையத்துக்கு, வியாபார நேரத்தில் கடையை விட்டுவிட்டு வந்தார் காஜா மைதீன்.

“இங்க அனுப்பின ஆறு மாசத்துல எம்பொண்ணு நௌஷீன் ரொம்ப மாறிட்டா, டீச்சர். எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசறா.”

பிள்ளையை நிறுத்திவிடுவாரோ என்று ராதிகாவுக்குப் பயம் வந்தது.

“என்ன பேசினா, பாய்?”

“நேத்து புதுச் செருப்பு கேட்டா. இப்ப வேணாம்னு தலையாட்டினேன். என்னைக் கஞ்சன்னுட்டா. அவங்கம்மா சொல்லித்தான் எனக்கே புரிஞ்சுது.”

“நான் கண்டிக்கறேன் பாய்.”

“கண்டிச்சிடாதீங்க.” அவர் அவசரமாகக் கையசைத்துத் தடுத்தார். “காது கேக்காத புள்ள அவ. எட்டு வருஷமா எங்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்ல. இப்பத்தான் சண்டை போட்டுக்கினு இருக்கா. நான் பதில் சொல்லத் தெரியாம நிக்கறேன். அவங்கம்மாவுக்குக் கத்துக்குடுத்த மாதிரி, கையால பேச எனக்கும் கத்துக்குடுங்க டீச்சர்.”