பிங்கானில் எழுதிய வசனம்

மூன்று நாட்களாக எதையும் விழுங்க மறுத்துப் படுத்திருந்த மனைவி ருகையா பீவிக்காக, நூகு லெப்பை வெள்ளைப் பிங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் இறைவசனம் எழுதி முடித்தார். அவ்வெழுத்தைப் பன்னீரில் கரைத்து நோயாளிக்குப் பருகக் கொடுப்பது அவ்வூர் வழக்கம். பள்ளிவாசல் சுவரில் எழுத இரண்டாண்டுகள் முயன்றும் அவருடைய நடுங்கும் கைக்கு வசப்படாத வளைவுகள், அன்று தட்டின் விளிம்பைச் சுற்றிப் பிறை பிறையாக அமைந்துவிட்டன. அருகிலிருந்த மைத்துனன், ருகையாவின் தம்பி உதுமான் பதறினான்.

"மச்சான், இதக் கழுவிராதீங்க! கண்ணாடி போட்டுப் பள்ளியில மாட்டிருவோம். நாளைக்கு மை வாங்கியாறேன், லாத்தாவுக்கு அப்ப எழுதிக்கலாம்."

லெப்பை பன்னீர்ச் செம்பை எடுத்தார். சாய்க்க மனம் வரவில்லை. இன்னொரு முறை இக்கை இவ்வாறு இணங்குமா என்பதை அவர் அறியார்.

"காச்சல்ல கெடக்குறது பள்ளிச் செவராடா, நானாடா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நீங்க கொண்டாங்க. தாகமா இருக்கு."

லெப்பை செம்பைச் சாய்த்தார். முதலெழுத்து தன் வாலை மெல்ல அவிழ்த்துக்கொண்டு நீரில் பொன்னாகப் பரவியது. ருகையா முழங்கையை ஊன்றித் தானாகவே எழுந்துகொண்டிருந்தாள்.