சத்தம் போடும் பெட்டி

"மூச்சுகூட விடாதுண்ணே. தலைமாட்டுலயே வச்சுத் தூங்கலாம்" என்று சின்னப் பெட்டியை முன்னால் தள்ளினார் கடைக்காரர்.

கிரஷர்காரர் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். ஓடிக்கொண்டிருந்த பெட்டிதான். செத்த எலிபோல் கிடந்தது.

"இது வேணாம். உள்ள டிஸ்க் சுத்துற மாதிரி எடு."

"ஊரே சத்தமில்லாம கேக்குது. நீங்க லாரி எஞ்சின் கேக்குறீங்க!"

அவர் கடைக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்லுடைக்கும் ஆலையில் பாதி ஆயுளைப் போட்ட மனிதர். லேசில் மசிகிற ஆளில்லை. பேச்சும் எப்போதும் உரக்கத்தான்.

நாளைக்கு மகள் வெளியூருக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். அவள் பாடிப் பதிவுசெய்த பாட்டெல்லாம் வீட்டில் வைக்கப்போகும் இந்தச் சர்வர் பெட்டியில்தான் இருக்கும். அங்கிருந்தபடியே போனில் திறந்து கேட்டுக்கொள்வாள்.

அவளைப் பிரிந்து ஒருநாளும் இருந்ததில்லை அவர். அதனால் பெட்டி விஷயத்தில் யார் பேச்சும் எடுபடவில்லை.

கனத்த பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றைப் பிடித்தார். ஒன்று கெட்டாலும் இன்னொன்று கைகொடுக்க, உள்ளே இரண்டு டிஸ்க். டிஸ்க் கெட்டால் பீப் அடிக்கும் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. விளக்கு எரியுமா என்றுதான் கேட்டார்.

சாப்ட்வேரிலும் அதே அடம். பளபளப்பானதைத் தள்ளிவிட்டு, யாரும் தொடாத நேரத்தில் டிஸ்க்கைத் தூங்கவைக்கிற மொட்டைச் சாப்ட்வேரை எடுத்தார்.

"தூங்கித் தூங்கி எழுந்தா டிஸ்க்குக்கு ஆயுசு குறையும்ணே."

"குறையட்டும். மாத்திக்கலாம். எழுந்திரிக்கணும், அதான் முக்கியம்."

பாட்டுகளை ஏற்றியாயிற்று. கூட வந்திருந்த மகள், தூரத்திலிருந்து திறக்கிறதா என்று பார்க்கத் தன் போனை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கக் கூட்டத்தில் மறைந்தாள்.

டிஸ்க் தூங்கிவிட்டது. அவர் தெருவுக்கு முதுகைக் காட்டி, பெட்டியின்மேல் கையை விரித்து வைத்தார்.

கடைக்காரர் பின்னாலிருந்து, "டீ சொல்லவாண்ணே?" என்றார்.

மறுபடியும் கேட்டார்.

சத்தமாகக் கேட்டார். கிரஷர்காரரின் காதருகே போய்க் கத்தியும் பார்த்தார். அந்தத் தலை அசையவே இல்லை.

மகள் பேசப் பழகுமுன்பே ஆலை தின்று தீர்த்திருந்த காது அது.

பெட்டி லேசாக அதிர்ந்தது. உள்ளே டிஸ்க் சுழலத் தொடங்கியது.

"பாட ஆரம்பிச்சிட்டா" என்றார் அவர், கையை எடுக்காமல்.