கோரின் உள்ளே வரவில்லை

"வானத்தைப் பாருடி, ஒரு பொட்டு மேகமாவது இருக்கா?" என்றான் டெவின்.

"இங்க இல்லடா. வடக்கே மலையில இடிக்குது. அங்க பெய்யுற மழை இந்தப் பாறை இடுக்குலதான் பாயும். ரெண்டு ஆள் அகலம்கூட இல்ல, எங்க ஏறித் தப்பிப்பீங்க?" என்றாள் கோரின்.

"யூட்டா பாலைவனம் வரைக்கும் கார்ல வந்துட்டு, கார்லயே உக்காரப் போறாளாம்!" கைல் சிரித்தான்.

"உயிரோட உக்காந்திருப்பேன். போங்கடா!"

இருவரும் செம்பாறை இடுக்குக்குள் நுழைந்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே பாறை அதிர ஒரு பேரிரைச்சல்.

"தண்ணிடா! ஏறு, ஏறு!"

பாறையில் ஒரு திட்டில் தொற்றிக்கொண்டார்கள். இரைச்சல் அடங்கியது. ஒரு சொட்டுகூட வரவில்லை.

"வாடா, போய் அவளைக் கலாய்க்கலாம்!" என்று டெவின் ஓடினான்.

வெளியே காரைக் காணோம். மரநிழல் இருக்கிறதே என்று காரை அவர்கள் நிறுத்தியிருந்தது, வறண்ட ஆற்றின் மணலில். வெள்ளம் இடுக்கை விட்டுவிட்டு ஆற்றோடு வந்திருந்தது. மரமும் இல்லை. செஞ்சேறாகத் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"கோரின்! கோரின்!" கைல் கத்திக்கொண்டே கரையோரம் ஓடினான்.

அவள் பயந்ததில் ஒரு தப்பும் இல்லை. நீங்களாக இருந்தால் அவளை வம்படியாக உள்ளே இழுத்துப் போயிருப்பீர்களா, சொல்லுங்களேன்?