கடைசிப் பெட்டி

"எந்தப் பட்டனை அமுக்குனாலும் கடைசிப் பெட்டியில இருக்கிற பேருதாம்ப்பா வருது! எங்க தப்புன்னே தெரியல. இன்னிக்குக் குலுக்கல் வேண்டாம்."

பிரிட்டோ தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். திண்டுக்கல் டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவன். ஊருக்கெல்லாம் விஷுவல் பேசிக் சொல்லிக்கொடுப்பவனைச் சொந்த வீட்டுப் புரோகிராம் காலை வாரிவிட்டது.

எல்லாம் மகளுக்குப் பெயர் வைக்கும் சண்டையால் வந்த வினை. "எங்க ஆத்தா சவரியம்மா பேருதான்" என்று அப்பா கஸ்பார் ஒற்றைக் காலில் நின்றார். "அது மட்டும் வைக்கலேன்னா இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று அவருடைய அக்கா அமலராணி சித்தையன்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து சொன்னாள். பிரிட்டோவின் மனைவி ஷைனிக்கோ, பிள்ளை வயிற்றில் இருந்தபோதே 'இளவேனில்' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. "அடைமழையில பொறந்த புள்ளைக்கு வேனிலாம்ல, வேனில்!" என்று மாமனார் போட்ட சத்தத்தில் அவள் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

சீட்டுக் குலுக்கினால் கள்ளத்தனம் நடக்கும், கம்ப்யூட்டரே குலுக்கட்டும் என்று கடைசியில் முடிவானது. எத்தனை பேர் என்று சொன்னால் போதும், திரையில் அத்தனை பெட்டிகளும் பக்கத்திலேயே ஒவ்வொரு பட்டனும் தானாக முளைக்கும். ஆளுக்கொரு பெட்டியில் பெயரை அடிக்க வேண்டும். அடிப்பது வெறும் நட்சத்திரமாகத்தான் தெரியும். குழந்தையின் விரல் எந்தப் பட்டனை அமுக்குகிறதோ, அந்தப் பெட்டியில் உள்ள பெயர். அதற்கு மேல் யாரும் மூச்சு விடக்கூடாது.

ஆனால் பட்டன்களோ தங்கள் ஜோடியை விட்டுவிட்டு, கடைசியாக முளைத்த பெட்டியையே கட்டிக்கொண்டு நின்றன.

கஸ்பார் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார். "ஏலே, இது வேற யாருக்கும் தெரியுமா?"

"உங்களுக்கு மட்டுந்தான் சொல்றேன்."

"அப்பச் சரி, நோண்டாத. கடைசிப் பெட்டி எனக்கு."

"அப்பா, இது அநியாயம். ஷைனி பாவம்ப்பா."

"வாயப் பொத்துலே. சொன்னதச் செய்யி."

பிரிட்டோவுக்கு எரிச்சலில் காது சூடானது. எதிர்த்துப் பேசுவதற்குள் அத்தை உள்ளே வந்துவிட்டாள். பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். அவன் தோளில் வைத்த கையை அப்பா எடுக்கவேயில்லை.

அத்தை அடித்தாள். ஷைனியின் அப்பா அடித்தார். ஷைனி அடித்துவிட்டு எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. "எந்தப் பேரு வந்தாலும் நம்ம புள்ளதானங்க" என்று அவன் காதருகே சொல்லிவிட்டுப் போனாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டியவளை ஏமாற்றத் தானே புரோகிராம் எழுதிக் கொடுத்ததுபோல் இருந்தது.

கடைசிப் பெட்டிக்குக் கஸ்பார் வந்தார். ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தார்.

அத்தை குழந்தையை மடியில் வைத்து, அதன் கையை மவுஸின்மேல் வைத்தாள். அம்புக்குறி திரையெல்லாம் ஓடி, ஷைனியின் பட்டனில் போய் நின்றது. அத்தை உதட்டைச் சுழித்துக்கொண்டே அந்தப் பிஞ்சு விரலை அழுத்தினாள்.

திரை முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தது: இளவேனில்.

ஷைனி அழுதுகொண்டே சிரித்தாள்.

"அவ பட்டன், அவ பேரு. இனி நான் என்னத்தச் சொல்ல? நம்ம ஆத்தாளுக்குக் குடுத்து வைக்கல தம்பி" என்றாள் அத்தை.

"என்னக்கா செய்ய! கம்ப்யூட்டரே சொல்லிருச்சே!" என்று எல்லாரையும்விட உரக்கச் சலித்துக்கொண்டார் கஸ்பார்.

பிரிட்டோ மட்டும் அவரையே பார்த்தான். எந்தப் பட்டனை அமுக்கினாலும் வரப்போவது, அப்பா அடித்த பெயர்தான்.