கடைவாசலில் ரோஜா

கைதட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

பாதிரியார் ரிப்பனை வெட்டியாயிற்று. திரை விலகியாயிற்று. மண்டபச் சுவர் முழுக்க ஊர். தேவாலயம், கொள்ளைநோயில் செத்தவர்களின் குழிகள், போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள், வாத்துக் குளம். அந்த இங்கிலாந்துக் கிராமத்தின் தொள்ளாயிரம் வருஷமும் ஒரே துணியில், தையல் படமாக.

அவரவர் வீட்டை அவரவரே தைத்துத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் தன் கடையைத் தைத்தாள். வாசலில் கணவரைத் தைத்தாள். நீலச் சுவெட்டர், கக்கத்தில் பேப்பர்க் கட்டு.

இருபத்திரண்டு வருஷம், பனியோ மழையோ, விடிந்ததும் வீடு வீடாகப் பேப்பர் போட்ட மனிதர். போன மார்கழியில் போய்ச் சேர்ந்தார்.

சுவரில் கடை இருந்தது.

அவர் இல்லை.

அவர் நின்ற இடத்தில் ஒரு ரோஜாச் செடி கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொலைத்திருந்தது. அந்த வாசலில் என்றைக்கு ரோஜா இருந்தது?

கிட்டப் போனாள். சங்கிலித் தையல். இரண்டு சிவப்பு நூலைச் சேர்த்துக் கோத்துப் போட்டது. யாழ்ப்பாணத்தில் அம்மா பழக்கியது. இந்த ஊரில் அதை ஒருத்திக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். துக்க வீட்டில் நாள் தவறாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாளே, அந்த ஹேஸலுக்கு. எல்லார் துண்டுகளையும் வாங்கி ஒன்றாக இணைத்தவளும் ஹேஸல்தான்.

ஹேஸல் தேநீர்க் கோப்பையோடு வந்தாள். கண்ணைப் பார்க்கவில்லை.

“தப்பாக நினைக்காதே. பழைய ஊர் மாதிரியே தெரிய வேண்டும் என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். பூ அழகாக வந்திருக்கிறது, இல்லையா?”

அடிப்பாவி. அவர் செத்த அன்று என்னைக் கட்டிக்கொண்ட கைதானே இது?

கோப்பையை வாங்கவில்லை.

பூவிதழ்களுக்கு நடுவே மயிரிழை அளவு நீலம் தெரிந்தது. அவரைப் பிரித்தெடுக்கவில்லை. மேலேயே தைத்து மூடியிருக்கிறாள்.

ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல் தட்டிலேயே கிடந்தது. எடுத்தாள்.

சங்கிலித் தையலைப் போடத்தான் ஹேஸலுக்குத் தெரியும். கடைசிக் கண்ணியின் பூட்டை வெட்டிவிட்டு இழுத்தால் மொத்தமும் வந்துவிடும் என்பதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அந்தப் பூட்டை வெட்டி, நூலின் நுனியைப் பிடித்தாள்.

“இஞ்சாருங்கோ,” என்றாள் துணியிடம். “வெளியில வாங்கோ.”

சிவப்பு நூல் வரத் தொடங்கியது.